ஒரே தொழில்நுட்பத்தில் பதினைந்து ஆண்டுகள்: இனி என்ன செய்வது?



அதியமான்கோட்டையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் இன்று நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் கம்பெனி எந்தப் பிரிவில் உட்கார வைத்ததோ அந்தப் பிரிவிலேயே கைதேர்ந்தவர்கள் இவர்கள். சம்பளம் குறைவில்லை. ஆனால் பெருநாளுக்கு ஊர் வரும்போது முகத்தில் ஒரு யோசனை தெரிகிறது. "எனக்குத் தெரிந்த இந்த ஒன்றுக்கு இன்னும் எத்தனை வருடம் தேவை இருக்கும்? இது போனால் வேறு என்ன தெரியும் எனக்கு?" என்பதே அந்த யோசனை.

வீட்டில் இதைச் சொன்னால், "மாசம் பொறந்தா சம்பளம் வருது, இன்னும் என்ன குறை?" என்று கேட்டுவிடுகிறோம். கவலை நியாயமானதுதான். அதை ஆராயாமல் பயந்துகொண்டே இருப்பதும், பயமே இல்லாமல் இருந்துவிடுவதும் இரண்டும் தவறு. எனவே இந்த விஷயத்தைக் குடும்பத்தார் அனைவரும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்குகிறோம்.

ஒன்றில் மட்டும் கைதேர்வது என்றால்

ஊரில் ஒரு மெக்கானிக் எல்லா வகை மோட்டாரையும் பார்ப்பார். இன்னொருவர் போர்வெல் வண்டியில் உள்ள ஒரே ஒரு கம்பெனியின் கம்ப்ரசரை மட்டும் பார்ப்பார். இரண்டாமவருக்குப் போட்டி குறைவு, கூலி அதிகம். ஆனால் அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். கம்ப்யூட்டர் துறையிலும் இப்படித்தான். ஆள் குறைவு என்பதால் மதிப்பு; வேலை வாய்ப்பும் குறைவு என்பதால் ஆபத்து. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

வயது கூடக் கூட இன்னொன்றும் சேர்கிறது. பதினைந்து வருட அனுபவக்காரரின் சம்பளத்தில் இரண்டு மூன்று புதியவர்களை வைத்துக்கொள்ளலாம். வேறு பிரிவுக்கு மாறினால் அந்தப் பழைய சம்பளத்தை யாரும் உடனே தரமாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெற்றோரின் மருத்துவம், கடன் தவணை எல்லாம் இருக்கும்போது சம்பளத்தில் ஒரு படி இறங்குவது எளிதல்ல.

செத்துவிட்டது என்றார்கள், சாகவில்லை

கோபோல் என்றொரு கம்ப்யூட்டர் மொழி. 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அரசுத் துறையும் கம்ப்யூட்டர் நிறுவனங்களும் சேர்ந்து இதற்கு வழி வகுத்தன. வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் போன்ற கணக்குகளுக்காகவே உருவானது. பெரும்பாலும் மெயின்ஃபிரேம் எனப்படும் பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடுவது. 1990-களிலேயே இதைப் பழங்கால மொழி என்று பலர் ஒதுக்கினார்கள்.

ஆனால் 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது நிலைமை தலைகீழானது. பழைய புரோகிராம்களில் ஆண்டைக் குறிக்க கடைசி இரண்டு இலக்கங்களையே வைத்திருந்தார்கள். 00 என்றால் 1900-மா, 2000-மா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உலகம் முழுவதும் அதைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. இந்திய நிறுவனங்கள் இளைஞர்களுக்குக் கோபோல் கற்றுக்கொடுத்து அந்த வேலையைப் பெருமளவில் எடுத்தன. நம் நாட்டு மென்பொருள் துறை வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பிறகு 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றைக் கையாண்ட பழைய கம்ப்யூட்டர் அமைப்பு திணறியது. மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அறுபது வயதான மொழிக்கு அப்படியொரு தேவை.

அதனால் கோபோல்காரர்கள் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் இல்லை. கோபோல் புரோகிராம்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஜாவா மொழிக்கு மாற்றித் தரும் கருவியை 2023-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்தது. வேலை ஒரே நாளில் போகாது; ஆனால் வேலையின் வடிவம் மாறும்.

உயர்ந்து நின்று விழுந்தது

இதற்கு எதிர்மாறான கதை ஃபிளாஷ். இணையதளங்களில் அசையும் படங்கள், விளையாட்டுகள், வீடியோக்கள் எல்லாம் ஒரு காலத்தில் இதில்தான் ஓடின. அதைக் கற்றவர்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதற்கான காரணங்களை ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் எழுதி வெளியிட்டார். 2017 ஜூலையில் அடோபி நிறுவனமே முடிவு தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் முடிந்தது.

கோபோல் நின்றதற்கும் ஃபிளாஷ் விழுந்ததற்கும் காரணம் என்ன? கோபோலுக்குள் வங்கிகளின் பல்லாண்டுக் கணக்குகளும் விதிகளும் புதைந்திருக்கின்றன. அதைத் தூக்கிப் போட்டால் வங்கியே நின்றுவிடும். ஃபிளாஷ் ஒரு கம்பெனியின் கையில் இருந்த கருவி. மற்ற கம்பெனிகள் கதவை மூடியதும் போக இடமில்லை. எந்தத் தொழில்நுட்பம் பழையது, எது புதியது என்பது இங்கே தீர்மானிக்கவில்லை. எதை நம்பி நிற்கிறது என்பதே தீர்மானித்தது.

ஃபிளாஷில் வேலை செய்தவர்கள் அனைவரும் தெருவுக்கு வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதில் எழுதப் பயன்பட்ட ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியும், இன்று இணையமெங்கும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டும் உறவினர்கள் போன்றவை. ஒன்று தெரிந்தவருக்கு மற்றது கடினமில்லை. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்தவர் சிரமப்பட்டார். அதன் அடியில் இருக்கும் அறிவைப் பெற்றவர் கடந்து சென்றார்.

நம் பக்கத்து அனுபவம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. சில ஆண்டுகள் கழித்து சால்காம்ப் என்ற வேறு நிறுவனம் அதே இடத்தில் வேலையைத் தொடங்கியது. இடம் பிழைத்தது, ஆனால் இடைப்பட்ட காலத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது தொழிலாளியின் குடும்பம்தான்.

இன்று பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்ப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் கைதேர்ந்தவர்கள் நிறைந்த ஊர் அது. அங்கேயே ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கிறது. பக்கத்தில் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. மின்சார வண்டியில் கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை. பெட்ரோல் வண்டிகள் நாளைக்கே மறைந்துவிடாது. ஆனாலும் இன்ஜின் மட்டுமே தெரிந்த நாற்பது வயதுக்காரர் இப்போதே பேட்டரியையும் மோட்டாரையும் கண்ட்ரோலரையும் தொட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

தன் நிலைமை எப்படி என்று அறிய விரும்புபவர் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதட்டும்.

1. இதைத் தயாரிக்கும் நிறுவனம் முடிவு தேதி அறிவித்திருக்கிறதா? உதாரணமாக, பெரிய கம்பெனிகளின் கணக்கு வழக்குகளை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளின் பழைய பதிப்பான ஈசிசி-க்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரைதான் என்று அந்த நிறுவனம் அறிவித்துள்ளது. கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு 2030 இறுதி வரை. அதில் வேலை செய்பவருக்கு நாட்காட்டி தெளிவாகவே இருக்கிறது: அதற்குள் புதிய எஸ்/4 ஹானா பதிப்புக்கு மாற வேண்டும்.

2. புதிதாக யாராவது இதை வாங்குகிறார்களா, இல்லை ஏற்கெனவே இருப்பதைப் பராமரிக்கும் வேலை மட்டும்தானா?

3. இந்தத் திறமைக்கு எத்தனை நிறுவனங்களில் இடம் உண்டு? ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருக்கிறோமா?

4. நமக்குத் தெரிந்ததில் கருவி எவ்வளவு, துறை எவ்வளவு? வங்கிக் கடன் கணக்கு எப்படி நடக்கிறது, கிடங்கில் சரக்கு எப்படிக் கணக்கில் வருகிறது என்பதெல்லாம் துறை அறிவு. கருவி மாறினாலும் அது கூடவே வரும்.

5. இன்று வெளியே போனால் என்ன சம்பளம் கிடைக்கும்? வருடத்திற்கு ஒரு முறையாவது வேறு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வேலை மாறுவதற்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

முதல் மூன்றில் பதில் சாதகமாக இல்லையென்றால் ஓரிரு வருடத்திற்குள் மாறத் தயாராக வேண்டும். நான்காவதில் துறை அறிவு வலுவாக இருந்தால் பயம் பாதி குறையும்.

குதிக்க வேண்டாம், பக்கத்துப் படியில் கால் வையுங்கள்

வேலையை விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் பணம் கட்டி, முற்றிலும் புதிய ஒன்றைப் படிக்கப் போவது பெரும்பாலும் தேவையில்லை. இருக்கும் அறிவுக்கு ஒட்டிய அடுத்த படியைத் தேடுங்கள். மெயின்ஃபிரேமில் இருப்பவர் ஜாவாவும் டேட்டாபேஸும் கற்றால், பழையதைப் புதியதற்கு மாற்றும் திட்டங்களில் இரு பக்கமும் தெரிந்த ஆளாக நிற்பார். கையால் சோதனை செய்பவர் தானியங்கிச் சோதனையைக் கற்கலாம்.

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் போதும்; ஒரு வருடத்தில் முந்நூறு மணிக்கு மேல் சேரும். ஐஐடி-களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் பாடங்களையும், மத்திய அரசின் ஸ்வயம் பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். "வேலை உறுதி" என்று சொல்லி, கட்டணத்தை வட்டியோடு தவணையில் கட்ட வைக்கும் பயிற்சி நிலையங்களிடம் எச்சரிக்கை தேவை.

வெளிநாட்டு வேலை என்ற பெயரில் நடக்கும் மோசடியும் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்து, மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தும் கும்பல்கள் பற்றி 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அதில் சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

வேலை போகும் நிலை வந்தால்

ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் உடனே கையெழுத்திடாமல், படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள். அனுபவச் சான்றும் பணிவிடுப்புக் கடிதமும் வாங்குங்கள். தொடர்ந்து 5 ஆண்டுகள் வேலை செய்த நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 52,000 ரூபாய் என்றால், 10 ஆண்டுகளுக்கு 3 லட்சம் ரூபாய். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வேலையோடு தங்கும் அனுமதியும் பிணைந்திருக்கும். எனவே அவர்கள் முன்கூட்டியே இன்னும் கூடுதலாகத் தயாராக இருக்க வேண்டும்.

குடும்பம் செய்ய வேண்டியது

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் உண்பதற்குத் தேவையான கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கதிரோடு சேமித்து வைக்க அவர்கள் வழி சொன்னார்கள். பின்னால் வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளை மக்கள் கடந்தது அந்தச் சேமிப்பால்தான். பிள்ளையின் சம்பளம் உச்சத்தில் இருக்கும் காலம்தான் நம் செழிப்பான ஆண்டுகள். மாதச் செலவு 60,000 ரூபாய் என்றால் ஆறு மாதத்திற்கு 3,60,000 ரூபாயைத் தனியாக ஒதுக்குவது முதல் கடமை. இன்னொரு மாடி கட்டுவதும், கல்யாணத்தைப் பெரிய மண்டபத்தில் நடத்துவதும் அதற்குப் பிறகுதான். அந்தச் சேமிப்பும் கையில் உள்ள மற்றப் பணமும் சேர்ந்து நிஸாபை எட்டி, ஒரு சந்திர ஆண்டு நின்றால் ஜகாத் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மகனோ மருமகனோ, "சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, புதிய பிரிவுக்கு மாறப் போகிறேன்" என்று சொன்னால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துத் தடுக்காதீர்கள். வேலை இழந்து வீட்டில் இருப்பவரிடம் பார்க்கும்போதெல்லாம் "வேலை கிடைச்சதா?" என்று கேட்காதீர்கள். உங்கள் கம்பெனியில் காலியிடம் இருந்தால், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவர் காதில் போடுங்கள். கடனில் தவிக்கும் நிலை வந்துவிட்டால் வெட்கப்பட்டு வட்டிக்காரரிடம் போக வேண்டாம். ஜகாத் பெறத் தகுதியானவர்களாகக் குர்ஆன் சொல்லும் எட்டு பிரிவினரில் கடனாளிகளும் உண்டு. தம் நிலைமை அதில் அடங்குமா என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒட்டகத்தைக் கட்டிப் போட்டுவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, கயிறு நம் கையில் இருக்கிறது. இந்த வாரமே அந்த ஐந்து கேள்விகளையும் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பிலும் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.