ஐம்பது லட்ச ரூபாய் காருக்கு எந்த பெட்ரோல்? மூடிக்குள்ளே இருக்கு பதில்!

சென்னை,

அண்ணா சாலையில் மாலை 6 மணிக்கு மேல் எந்த பெட்ரோல் பங்க்கில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

யானைக்குட்டி மாதிரி ஒரு கறுப்பு எஸ்.யூ.வி. கார் வந்து நிற்கும். பின் சீட்டில் முதலாளி செல்போனில் பேசிக்கொண்டு இருப்பார். அதன் பின்னால் பத்து ஸ்கூட்டர், இருபது பைக். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

"அண்ணே, நார்மலா, பிரீமியமா?" என்று பங்க் ஊழியர் கேட்பார்.

டிரைவர் திரும்பி முதலாளியைப் பார்ப்பார். முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டலுக்கு "உசத்தியைப் போடு" என்றும் அர்த்தம் உண்டு. "எதையாவது போட்டுட்டுக் கிளம்பு" என்றும் அர்த்தம் உண்டு!

மாட்டிக்கொள்வது டிரைவர்தான். சாதாரண பெட்ரோலைப் போட்ட மறுநாள் வண்டி இழுக்கவில்லை என்றால், "மிச்சக் காசு எங்கேப்பா போச்சு?" என்று கேள்வி வரும். உசத்தியைப் போட்டால் மாதக் கடைசியில் வீட்டு அம்மா கணக்குப் பார்ப்பார். "போன மாசத்தைவிட இந்த மாசம் ஏன் இவ்வளவு?"

டேங்குக்கு 640 ரூபாய்

2025-ல் சென்னையில் சாதாரண பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய்க்கு விற்றது. '95 ஆக்டேன்' என்று போர்டு போட்ட பிரீமியம் பெட்ரோல் அதைவிட ஏழு, எட்டு ரூபாய் கூடுதல்.

எட்டு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எஸ்.யூ.வி.க்கு 80 லிட்டர் டேங்க். ஒரு முறை நிரப்பினால் 640 ரூபாய் கூடுதல். மாதம் நாலு முறை என்றால் 2,560 ரூபாய். வருஷத்துக்கு முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இதுதான் கேள்வி.

பலம் இல்லை, பொறுமை!

ஆக்டேன் நம்பர் அதிகமானால் பெட்ரோலுக்குப் பலம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து நசுக்கப்படும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டிய பிறகுதான் அது பற்றி, வரிசையாக எரிய வேண்டும். தீபாவளி சரவெடி மாதிரி! திரியில் வைத்த நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே, நடுவில் இருக்கிற வெடி சூட்டில் தானாக வெடித்தால் எப்படி இருக்கும்? என்ஜினுக்குள் அப்படி நடந்தால் 'டக்... டக்' என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். நாள்பட்டால் பிஸ்டனுக்கு ஆபத்து. பெரிய செலவு!

தானாக வெடிக்காமல் பொறிக்குக் காத்திருக்கிற பொறுமைக்கு வைத்த மார்க்தான் ஆக்டேன் நம்பர். நம்பர் கூடினால் பொறுமை கூடும். லிட்டருக்குள் இருக்கிற சக்தி கூடாது.

சொகுசு கார்களில் பெரும்பாலும் டர்போ இருக்கும். அது காற்றைத் திணித்து நசுக்கும். அழுத்தம் அதிகம் என்பதால் பொறுமையான பெட்ரோல் கேட்கும். நம்ம 100 சி.சி. பைக்குக்கு அந்தக் கவலை கிடையாது.

இப்போதைய கார்களில் காது மாதிரி ஒரு சென்சாரும் உண்டு. நாக்கிங் கேட்டவுடன் கம்ப்யூட்டர் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். என்ஜின் தப்பிக்கும். ஆனால் இழுவை குறையும், மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும். டிரைவர் திட்டு வாங்குவது இந்த இடத்தில்தான்.

88-ல் இருந்து 95

ஒரு காலத்தில் நம் நாட்டில் விற்ற பெட்ரோலின் ஆக்டேன் 88. பிறகு 91 ஆனது. 20 சதவீதம் எத்தனால் கலந்த 'இ20' பெட்ரோல் வந்த பிறகு சாதாரண பெட்ரோலே 95 ஆகிவிட்டது என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசியில் இருந்து எடுக்கிற எத்தனாலுக்கு ஆக்டேன் 108-க்கும் மேல். அதனால் வந்த ஏற்றம் இது.

அப்படியானால் 95 கேட்கிற காருக்கு, 95 என்று போர்டு போட்ட பெட்ரோலை எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவானேன்?

'என்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கு' என்பது கம்பெனிகள் சொல்லும் பதில். உண்மைதான். 2000-களின் தொடக்கத்தில் 'ஸ்பீடு', 'பவர்' என்று பெயர் வைத்து வந்த பெட்ரோல்களின் விசேஷமே அந்த மருந்துதான். ஆக்டேன் அல்ல. ஆக, 'பிரீமியம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை.

எத்தனால் பயம்

இன்னொரு ரகம் உண்டு. பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஆக்டேன் கவலை இல்லை. எத்தனால் கவலை!

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. மைலேஜும் குறையும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10-க்காகத் தயாராகி இ20-க்கும் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அரசே சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந்தேதி தள்ளுபடி செய்தது.

அதனால் சிலர் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடிப் போகிறார்கள். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பர் 1-ந்தேதி அறிமுகம் செய்த 'எக்ஸ்.பி.100' இது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. எத்தனால் கிடையாது. அன்றைக்கு டெல்லியில் சாதாரண பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம். இது 160 ரூபாய்! ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு சென்னையிலும் சில பங்க்குகளுக்கு வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 95 ஆக்டேன் பிரீமியத்தில் எத்தனால் உண்டு. 'பிரீமியம் போட்டேன், எத்தனாலில் இருந்து தப்பித்தேன்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அமெரிக்காவில் நடந்த சோதனை

கை நிறையக் காசு உள்ள அமெரிக்காவிலும் இதே சந்தேகம் வந்தது. அங்குள்ள ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2017-ல் சில கார்களைச் சோதித்தது. 'பிரீமியம் போட்டால் நல்லது, கட்டாயம் இல்லை' என்று கம்பெனியே சொன்ன கார்கள் அவை. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும், குதிரைச்சக்தி 1.4 சதவீதமும்தான் கூடின. பிரீமியத்தின் விலையோ 20 முதல் 25 சதவீதம் அதிகம்!

அதிலும் ஒரு கார் மட்டும் தனியாக நின்றது. கேடிலாக் எஸ்கலேட் என்ற பிரம்மாண்ட எஸ்.யூ.வி. எட்டு சிலிண்டர் ராட்சசன். அதற்கு 7.1 சதவீதம் மைலேஜ் கூடியது. பெரிய வண்டிக்குப் பலன் உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் கொடுத்த காசு திரும்பவில்லை.

(அமெரிக்காவில் இருக்கிற மச்சான் "நாங்க 87தான் போடுறோம்" என்றால் பதற வேண்டாம். அங்கே கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 87, நம்முடைய 91-க்குச் சமம்.)

மூடியைத் திறந்தால்...

சண்டைக்கு முடிவு காரிலேயே ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். அதில் நம்பர் இருக்கும். 'குறைந்தபட்சம் 91' என்றால் சாதாரணமே தாராளம். '95' என்றிருந்து, இ20-க்கு ஏற்ற வண்டி என்றும் போட்டிருந்தால் அரசு சொன்ன கணக்குப்படி அதற்கும் சாதாரண பெட்ரோலே போதும். '98' என்று கட்டாயமாகப் போட்டிருந்தால் பேரமே வேண்டாம், உசத்திதான். 'பரிந்துரை' என்று இருக்கிறதா, 'கட்டாயம்' என்று இருக்கிறதா என்பதையும் கையேட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கையேடு பெரும்பாலும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தூங்கும்.

'டீசல்' என்று இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டீசலுக்கு ஆக்டேன் கணக்குக் கிடையாது. தப்பித்தவறி டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி ஓரங்கட்டி, டேங்கைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப்பும் இன்ஜெக்டரும் கேட்கிற பணத்தில் ஒரு பைக்கே வாங்கலாம்.

விவரமான டிரைவர்கள் இப்போது ஸ்டிக்கரை செல்போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பி, "சார், இதான் போட்டிருக்கு, எது போடட்டும்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள். பங்க்கில் கொடுக்கிற பில்லில் எந்த பெட்ரோல், எத்தனை லிட்டர் என்று அச்சாகும். அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

கார் நகர்ந்ததும் அடுத்து நிற்பவர் ஸ்கூட்டர்காரர். டேங்க் 5 லிட்டர். அவரும் ஒரு நிமிஷம் பிரீமியம் பம்ப்பைப் பார்க்கிறார். போட்டால் 40 ரூபாய் கூடுதல். இரண்டு டீ, இரண்டு வடைக்கான காசு.

"நார்மலே போடுப்பா" என்கிறார்.