மை திரிய வேண்டும்

அச்சகத்தில் காகிதமும் மையும்தானே, கழிவுநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் கூடத்தை நினைத்துக் கேட்டிருப்பார். அங்கே மை எண்ணெய்ப் பசை, தண்ணீர்ச் செலவு குறைவு. அட்டைப்பெட்டியில் அச்சிடும் ஃபிளெக்ஸோ இயந்திரத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் தண்ணீர் மைதான். நிறம் மாற்றும்போதெல்லாம் உருளை, குழாய், தொட்டி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மை ஏந்தும் அனிலாக்ஸ் உருளையின் நுண்குழிகளில் மை காய்ந்துவிட்டால் அடுத்த அச்சு வெளிறிப்போகும்.

கழுவிய நீர் எல்லா நிறமும் கலந்து அழுக்குக் கறுப்பாக வரும். தேக்கிவைத்தாலும் எளிதில் தெளியாது, துணியில் வடித்தாலும் நிறம் கூடவே இறங்கும். காரணம், மையிலுள்ள அக்ரிலிக் பிசின். அது வெறும் தண்ணீரில் கரையாது. அம்மோனியாவோ அமீனோ சேர்த்து பி.எச். அளவை 9-ஐ ஒட்டிக் காரமாக்கினால் எதிர்மின்னூட்டம் பெற்றுக் கரையும், நிறமித் துகள்களையும் போர்த்திக்கொள்ளும். ஒரே மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கின்றன.

இதில் அமிலம் விட்டால், எலுமிச்சை பிழிந்த பால்போல மை திரிந்துவிடும்! பாலின் கேசீனுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். மின்னூட்டம் போனதும் பிசின் நிறமியை அணைத்தபடி கட்டிகட்டியாகப் பிரிகிறது. படிகாரம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நீரை அமிலமாக்கும், சுண்ணாம்பு சேர்த்து பி.எச்.சை 7-க்கு அருகே கொண்டுவந்ததும் அலுமினியம் ஹைட்ராக்சைடுத் திப்பிகளாகி மிச்சத் துகள்களையும் வாரிக்கொள்ளும். பிறகு பாலிமர் சேர்த்து, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிய வேண்டியதுதான்.

இந்த வித்தையைக் கெடுப்பது சோப்பு. அளவுக்கு மீறி ஊற்றினால் அதுவும் துகள்களைப் போர்த்திப் பிரித்தே வைக்கும். மை திரிய மறுக்கும். அடுத்த கேடு, கிணற்றுநீரைக் கலந்து மெலியவிடுவது. ஆற்றில் விடும் நீரில், மாசின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது வரம்பு. தண்ணீர் ஊற்றி எண்ணைக் குறைக்கலாம், மை குறையுமா? இது சிக்கனமல்ல, ஏய்ப்பு. கழுவுமுன் உருளையில் தொங்கும் மையைச் சுரண்டி டப்பாவிலேயே போட்டால் பாதித் தலைவலி போகும். அதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும்.

தெளிந்த நீரிலும் கரைந்த அமீன்களும் கரைப்பான்களும் மிஞ்சும். குடிக்கவோ பாய்ச்சவோ ஆகாது. உருளையின் முதல் கழுவலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.