தண்ணீரும் வெயிலும் தீர்மானிக்கும் வீட்டின் ஆயுள்

தமிழ்நாட்டில் இன்று கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை காங்கிரீட் வீடுகள். முப்பது ஆண்டு நிறைவதற்குள் கூரைப் பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி தெரியும் காங்கிரீட் வீடுகளும் உண்டு. செட்டிநாட்டில் நூறாண்டு கடந்த சுண்ணாம்புச் சுவர்களோ இன்னும் நிற்கின்றன. சிமென்ட், செங்கல், இரும்பு மூன்றும் நிறைய எரிபொருள் தின்று உலையில் வெந்து வருபவை. ஆகவே ஒரு வீட்டை இடிக்காமல் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிறுத்தி வைப்பதுதான் முதல் சிக்கனம். சூரிய மின்தகடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளிறங்கும்போது அந்தக் காரம் குறைகிறது. கடலோரத்தில் உப்பு நுழைந்து கம்பியின் பாதுகாப்பை இன்னும் விரைவாகக் கெடுக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் காங்கிரீட் வெடித்துப் பிளக்கிறது. இதைத் தள்ளிப்போடுவது கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனமும் இறுக்கமும். காங்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. மூடுகனம் கேட்கிறது, கடலோரத்துக்குக் கூடுதல் வேண்டும். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் கைக்கு வந்த ஜல்லியைச் செருகுவதும், கலவை இளகட்டும் என்று இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் இந்தப் பாதுகாப்பையே கெடுத்துவிடும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்டுக்கோ கடும் வெயிலுக்கோ 10 நாள் போட்ட காங்கிரீட்டை நனைத்து வைக்க வேண்டும். பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டுவிடும் வழக்கமும் ஆபத்தானது. அந்த மாடி பெரும்பாலும் வருவதில்லை, துரு மட்டும் தவறாமல் வருகிறது. சிமென்ட் குறைந்த காங்கிரீட்டால் அந்தக் கம்பிகளை மூடிவிடுவது பெரிய செலவல்ல.

வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாக இறங்குகிறது. பழைய மெட்ராஸ் டெரஸில் மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டார்கள். இன்றும் காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பமும் ஒழுகலும் ஒருங்கே குறையும். வெள்ளைப் பூச்சு அதனினும் மலிவு. ஆனால் அழுக்கேறினால் பயன் குறையும், மறுபடி அடிக்க வேண்டும்.

தெற்குச் சுவரில் உச்சி வெயிலைத் தடுக்கச் சிறு சன்ஷேடு போதும். மாலையில் மேற்குச் சூரியன் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு அங்கே அவ்வளவாக உதவாது. படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளி, படுக்கை அறையை விலக்கி வைப்பதே வழி. மனை இடம் கொடுத்தால் அந்தப் பக்கம் ஒரு வேம்பும் நிற்கலாம். சுவருக்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு ஒரு நல்ல தேர்வு. செங்கற்களைக் குத்துவாட்டில் வைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சம். வெற்றிடத்தில் இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் இது பழகிய கொத்தனார் கையில்தான் சரியாக வரும்.

குடும்பம் மாறுவதால் இடிபடும் வீடுகளும் உண்டு. தரைத்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை இருந்தால் முதியவர்கள் படியேற வேண்டாம். மாடிப்படி வெளியிலிருந்தும் ஏறும்படி அமைந்தால் பிள்ளைகள் தனிக்குடித்தனம் வைக்கலாம், வாடகைக்கும் விடலாம். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் கைக்கெட்டும் குழாய்ப்பாதையில் இறக்கினால், கசிவைச் சரிசெய்யச் சுவரை உடைக்கத் தேவையில்லை.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் நீர். சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவில் இருப்பதால், அதே கூரையில் சுமார் 1,40,000 லிட்டர் விழுகிறது. அதைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், மொட்டை மாடியில் தேங்க விடக்கூடாது. தளத்துக்குப் போதிய வாட்டம் வேண்டும். வடிகுழாய் வாயைச் சருகு அடைக்காமல் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.