இரவை அளக்கும் அவரை

"எல்லாம் தழையாவே போகுதுங்க. ஒரு பூவைக் காணோம்."

புரட்டாசி மாதத்தில் பவானிப் பக்கம் கொடி அவரை போட்ட வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஆடியில் ஊன்றிய விதை பந்தலை மூடி, ஓட்டின் மேல் ஏறி, பக்கத்து வீட்டு முருங்கையையும் பிடித்திருக்கும். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ மட்டும் இல்லை. புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் உரக்கடைக்கு ஓடி ஏதாவது டானிக் வாங்கி வந்து அடிக்கிறார்கள். பழகியவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். "ஐப்பசி பொறக்கட்டும் சாமி, தானா வெக்கும்" என்று வயதான அம்மாக்கள் சொல்வது வெறும் ஆறுதலாகத் தோன்றும். அதில் இருப்பது சுத்தமான தாவரவியல்.

நாட்டுக் கொடி அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். பவானி இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பதினோரு பாகைக்குச் சற்று மேலே. இங்கே ஜூன் மாதத்து நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பர் மாதத்துக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. 'சீக்கிரம் இருட்டிருது' என்பதோடு சரி. அவரை கவனிக்கிறது. பகல் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும், அதுவரை இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டிருந்த செடி, இலைக்கக்கத்திலிருந்து பூங்கொத்தை நீட்டத் தொடங்குகிறது.

பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை 1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலையிலும் சோயாவிலும் சோதித்து எழுதினார்கள். 1938-இல் ஹாம்னரும் போனரும் இன்னொரு படி போனார்கள். இம்மாதிரிச் செடிகள் உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையூறு இல்லாத இருட்டை என்று காட்டினார்கள். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போதும், செடி கணக்கைத் தவறவிட்டுவிடும். சோயா வயலில் தெருவிளக்கை ஒட்டிய செடிகள் மட்டும் முற்றாமல் பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். பவானியின் குறுகிய வீதிகளில் இப்போது வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் வாசலில் நின்று எரிகின்றன. கொடி அவரைக்கு முன்வாசலைவிடப் பொடக்காளிதான் தோது. கொங்கில் வீட்டுப் பின்கட்டுக்கு அதுதான் பெயர்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை எல்லோரும் மழைக்காகச் சொன்னது என்றே எடுத்துக்கொள்கிறோம். அவரையைப் பொறுத்தவரை அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பகல் நீண்ட காலத்தில் விதைத்தால் பூ வைக்கும் அவசரம் இல்லாமல் செடி மூன்று மாதம் உடம்பைத் தேற்றிக்கொள்கிறது. ஐப்பசியில் உத்தரவு வரும்போது கொடி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு காய். புரட்டாசியில் தழையைப் பார்த்துக் கவலைப்படுகிறோமே, அந்தத் தழைதான் மார்கழிக் காய்க்கு முதலீடு.

பவானியில் ஆடி என்றால் கூடுதுறை. காவிரியும் பவானி ஆறும் சேரும் இடத்தில், சங்கமேசுவரர் கோயில் படித்துறையில், பதினெட்டாம் பெருக்கு அன்று நிற்க இடம் இருக்காது. பெண்கள் முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். ஆனால் அதே ஆடியில்தான் இந்த ஊருக்கு வெள்ளமும் வருகிறது. கர்நாடகத்து அணைகள் நிரம்பி, மேட்டூரும் நிரம்பி, உபரி நீர் லட்சம் கனஅடியைத் தாண்டினால் கந்தன்பட்டறை போன்ற கரையோரப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படி ஆயிற்று. ஆடி முதல் வாரத்தில் ஊன்றியதெல்லாம் அழுகிப் போக, தண்ணீர் வடிந்தபின் ஆவணியில் மறுபடி ஊன்ற வேண்டியிருந்தது. ஆவணி அவரை காய்க்காமல் போகாது. பந்தல் பாதிதான் மூடும், அவ்வளவுதான்.

வீட்டுத் தோட்டம் என்றதும் விசாலமான இடத்தை நினைத்துவிடக் கூடாது. ஜமக்காளம் நெய்கிற ஊர் இது. பழைய வீதிகளில் வீட்டுக்குள் தறி போக மிச்சம் இருப்பது, சமையலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலப் பட்டைதான். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழை, சுவரோரம் கறிவேப்பிலை, மூலையில் முருங்கை, அதன் மேல் அவரை. மண்ணில் இடம் இல்லாவிட்டால் கொடி மேலே போகும். புது வீடுகளில் எல்லாம் மாடிக்குப் போய்விட்டது, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளாக. இந்தப் பைகள் கோடையில் கைகொடுக்கும். ஐப்பசியில்தான் அவற்றின் வண்டவாளம் தெரியும். நார்க்கழிவு தண்ணீரை விடாது. மூன்று நாள் விடாமல் பெய்தால் கத்தரியும் தக்காளியும் வேர் அழுகித் தலைசாய்ந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே பையின் அடியில் ஓட்டைகளைக் கூட்டி, செங்கல் துண்டு மேல் தூக்கி வைத்து, மண்ணையும் மணலையும் கொஞ்சம் அதிகம் கலந்தால் பிழைக்கும்.

ஈரோடு மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 700 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். குளிர் தேசங்களில் இந்த மாதங்களில் பனி விழுமுன் தோட்டத்தைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். நமக்கு இப்போதுதான் கூடை நிறையத் தொடங்குகிறது, கூடவே தொல்லையும். தரையில் தூவிய சிறுகீரை விதை ஒரே மழையில் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்திருக்கும். முளைத்த கீரையில் மண் தெறித்து இலை புள்ளி விழும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, விதைத்த முதல் வாரம் தென்னங்கீற்றைச் சாய்வாக வைத்து மூடினால் போதும். கொத்துமல்லிக்கு அவசரப்பட வேண்டாம். அடைமழை ஓய்ந்து, காலையில் பனி இறங்கத் தொடங்கும் கார்த்திகைக் கடைசிதான் அதற்கு வாகு.

மழைநாளில் அதிகம் ஏமாற்றுவது அரசாணி. மற்ற ஊரில் பரங்கி, மஞ்சள் பூசணி என்பார்கள். கொடி நன்றாக ஓடும், பூவும் ஏராளம். பிஞ்சு பெருவிரல் பருமனில் மஞ்சளாகி விழுந்துவிடும். உரக்குறை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தேனீ வராததுதான். அரசாணிப் பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும். அந்த நாலு மணி நேரமும் தூறலாக இருந்தால் எந்தப் பூச்சி வெளியே வரும்? அப்போது நாமே தேனீ வேலை பார்க்க வேண்டியதுதான். ஆண் பூவுக்குக் காம்பு மட்டும் இருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். எட்டு மணிக்குள் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தால் ஆயிற்று. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்க்காத கொடி என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. மார்கழியில் வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் வைப்பதற்கும் அந்த ஆண் பூக்களையே பறிப்பார்கள். காய்க்கு நஷ்டமில்லாத பக்தி.

புடலைக்குச் சின்னக் கல். பிஞ்சு ஒரு முழம் வந்ததும் நுனியில் நூல் கட்டி, நெல்லிக்காய் அளவுக் கல்லைத் தொங்கவிடுவார்கள். காய் சுருளாமல் நேராக இறங்கும். சுருண்ட காயும் ருசியில் குறைந்ததில்லை. நேரான காய் நறுக்க வசதி, அவ்வளவே. பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டை வைக்காமல் இருக்கப் பழைய துணிப் பையையோ காகிதத்தையோ மாட்டிவிடுவது அதைவிட முக்கியம். குத்துப்பட்ட காயைக் குப்பையில் போடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கி அடுத்த ஈயாக வரும்.

அவரைக்குப் பகை அசுவினி. கார்த்திகை மேகமூட்டத்தில் பூங்கொத்துக் காம்பு முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று பொருள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. விடிகாலையில் கொடி பனியில் நனைந்திருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலைத் துணியில் முடிந்து தட்டிவிடுவது இங்கே பழைய வழக்கம். ஈரத்தில் சாம்பல் நன்றாக ஒட்டும். விறகடுப்பு போய் கேஸ் வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் கலந்து அடிக்கலாம். ஒன்று மட்டும் கவனம். அசுவினிக் கூட்டத்துக்குள் முதலை வடிவில், ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்கிற கறுப்புப் புழு இருந்தால் கை வைக்கக் கூடாது. அது பொறிவண்டின் குஞ்சு; அசுவினிதான் அதன் சாப்பாடு.

அவரை பறிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. காயைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கொத்தோடு வந்துவிடும். காய்க் காம்பை மட்டும் நகத்தால் கிள்ள வேண்டும், பூத்தண்டை விட்டுவிட வேண்டும். அந்தத் தண்டில் கணுக்கணுவாகப் புடைத்திருக்கும் இடங்களிலிருந்து மறுபடி பூ வரும். இது தெரிந்த வீட்டில் மாசி வரை காய் இருக்கும். தெரியாத வீட்டில் தையோடு சரி.

ஐப்பசியில் பீர்க்கையும் புடலையும், கார்த்திகையில் அவரை, மார்கழியில் மொச்சை என்று சமையலறைக்குள் வரிசையாக வந்து சேரும். அவரையும் மொச்சையும் ஒரே இனத்தின் இரண்டு வகைகள்; ஒன்றின் தோலைத் தின்கிறோம், மற்றதன் பருப்பை. மொச்சைக் காயை உரித்தால் விரலில் ஒட்டும் அந்த எண்ணெய்ப் பிசுக்கின் வாசம் மறுநாள் வரை போகாது. பச்சை மொச்சையும் கத்தரியும் போட்டு வைக்கிற குழம்பு, அரிசியும் பருப்பும் சேர்த்து வடிக்காமல் ஆக்குகிற சோற்றில் ஒரு கை மொச்சை, பட்டிப்பொங்கல் அன்று அரசாணியோடு அவரையும் சேர்ந்த கூட்டு: கொங்கு வீட்டின் மழைக்கால, பனிக்காலச் சாப்பாடு பெரும்பாலும் பந்தலிலிருந்து வருவதுதான். காய்ந்த மொச்சையை மட்டும் நன்றாக ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆக்க வேண்டும். அதில் சயனைடு தரும் பொருள் கொஞ்சம் உண்டு.

இதே மாதங்களில் முருங்கைக்காய்க்குப் பஞ்சம். மழையில் பூ உதிர்வதால் காய் கிலோ 300 ரூபாயைத் தொட்ட வருஷங்கள் உண்டு. அப்போது முருங்கை மரம் சும்மா நிற்கவில்லை, அவரைக்குக் கொழுகொம்பாக நிற்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ தோட்டத்தில் ஊதா அவரையைப் பெரிய பந்தலில் ஏற்றி அழகுக்கு வளர்க்கிறார்கள். ஆண்டுதோறும் சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பவானி அம்மா யாராவது அங்கே போனால், இத்தனை காயை முற்ற விட்டு வீணாக்குகிறார்களே என்று மனசு கேட்காது.

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செடி அவரை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'கோ' என்ற எழுத்தோடு வெளியிட்ட ரகங்களில் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை உண்டு. எந்த மாதத்தில் போட்டாலும் இரண்டு மாதத்தில் பூத்துவிடும், பந்தலும் வேண்டாம். விற்பனைக்குப் பயிரிடுகிற விவசாயிக்கு அது பெரிய வரம். மாடித் தொட்டிக்கும் அதுதான் சரி. ஆனால் ஒரு மொத்தக் காய்ப்போடு ஓய்ந்துவிடும். மாசி வரை அள்ளித் தருவது கொடிதான். இடம் இருக்கிற வீட்டில் கொடி அவரையை விட்டுவிட்டுச் செடி அவரை போடுவது எனக்குச் சம்மதம் இல்லை. பட்டை அவரை, கோழி அவரை என்று வீட்டுக்கு வீடு இருந்த ரகங்களைக் கடையில் தேடிப் பயனில்லை. காய்க்கிற கொடியைப் பார்த்து, அந்த வீட்டம்மாவிடம் நாலு நெத்து கேட்பதுதான் வழி. நெத்துக்குக் கடைசியில் தப்பிய சோனிக் காயை விடக் கூடாது; கார்த்திகைக் காய்ப்பில் நல்ல கொத்தாகப் பார்த்து நூல் கட்டி அடையாளம் வைத்து, கொடியிலேயே காயவிட வேண்டும். வண்டு விழாமல் இருக்கச் சாம்பலில் புரட்டியோ செம்மண் கட்டியோ வைப்பார்கள். அரசாணி, சுரை விதைகளை வரட்டியில் பதித்துச் சுவரில் அறைந்துவைப்பதும் உண்டு.

ஆடியையும் ஆவணியையும் விட்டவர்கள் ஐப்பசியில் கொடி அவரை ஊன்றிப் பயனில்லை. முழங்கால் உயரத்திலேயே பூ வைத்து, ஒரு பொரியலுக்குக் காய் கொடுத்து நின்றுவிடும். அதற்குள் இருட்டு வந்துவிட்டதே. அவர்கள் அப்போது செடி அவரையும் முள்ளங்கியும் போடலாம், கார்த்திகைக் கடைசியில் கொத்துமல்லியும் வெந்தயமும். பந்தலுக்கான நாலு கழியையும் கம்பியையும் சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம்.