சுவிகாரப் பிள்ளைகள்

கிறிஸ்தவர்கள் தங்களை ‘தேவனுடைய பிள்ளைகள்’ என்று சொல்லிக்கொள்ளும்போது, “அப்படியானால் நாங்களெல்லாம் யார் பிள்ளைகள்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஏதென்ஸில் பேசிய பவுல், மனிதர் எல்லாருமே கடவுளின் வம்சம் என்பதற்குக் கிரேக்கப் புலவர்களையே சாட்சிக்கு அழைக்கிறார். படைப்பு என்று பார்த்தால் யாரும் வெளியே இல்லை. ஆனால் விசுவாசிகளுக்கு எழுதும் நிருபங்களில் அவர் இன்னொரு சொல்லையும் எடுக்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘புத்திர சுவிகாரம்’. ஆராதனையில் காதில் விழுந்தபடியே கடந்துபோகிற சொல்.

சுவிகாரம் என்றால் தத்து எடுப்பது. தத்து என்றதும் நமக்குத் தொட்டில் குழந்தை நினைவுக்கு வரும். பவுல் காலத்து ரோமில் பெரிய குடும்பங்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைத்தான் தத்து எடுத்தன. பெயருக்கும் சொத்துக்கும் வாரிசு வேண்டுமே. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபின் அவருடைய உயிலைப் பிரித்தால், 18 வயது ஒக்டேவியன் அவருக்கு மகன். பிற்காலத்து அகஸ்டஸ் அவர்தான். அந்த அகஸ்டஸ் கி.பி. 4-இல் திபேரியுவைத் தத்து எடுத்தபோது ‘பிள்ளை’க்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் திபேரியு ராயன் இவரே.

தத்துப் போனவர் பழைய வீட்டின் உறவு முறையிலிருந்து விலகி, புதிய தகப்பனின் அதிகாரத்துக்குள் வருவார். வயிற்றில் பிறந்த மகனைப் போலவே வாரிசாவார். விசுவாசிக்கு நடந்தது இதுதான் என்கிறார் பவுல். கூலியாகச் சம்பாதித்த உரிமை அல்ல. தகப்பன் எடுத்த முடிவு. ‘புத்திர’ என்ற சொல்லைக் கண்டு பெண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்று கலாத்தியர் நிருபத்தில் எழுதியவரும் அவரே. யோவானோ தத்து என்று பேசுவதில்லை, பிறப்பு என்கிறார். தேவனால் பிறந்தவன் தகப்பனின் சாயலில் வளரவேண்டும் என்பது அவருடைய அக்கறை.

பிள்ளையாகிவிட்டவர் தகப்பனை எப்படிக் கூப்பிடுவது? அரமேய மொழிச் சொல் ‘அப்பா’. புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. மழலைப் பேச்சு என்று அதற்குப் பிரசங்கங்களில் விளக்கம் சொல்வதுண்டு. வளர்ந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1988-இல் ஒரு கட்டுரையே எழுதினார். தமிழருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை: ஐந்து வயதிலும் அப்பா, ஐம்பது வயதிலும் அப்பா. அந்த மூன்றில் ஒன்று கெத்செமனே தோட்டத்தில் இயேசு சொன்னது. பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. பிள்ளை என்றால் கஷ்டம் வராது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கிறிஸ்துவுக்கு உடன் வாரிசு என்கிற அதே மூச்சில் அவருடன் பாடுபடுவதையும் பவுல் சேர்த்தே எழுதுகிறார்.

ஒரே தகப்பன் என்றால் கூடப்பிறந்தவர்களும் உண்டு. இங்கேதான் விஷயம் வீட்டுக்குள் வருகிறது. ஒநேசிமு ஓர் அடிமை. அவனுடைய எஜமான் பிலேமோன் ஒரு விசுவாசி. எஜமானைப் பிரிந்திருந்த ஒநேசிமு, சிறையிலிருந்த பவுலிடம் வந்து விசுவாசியானான். அவனைத் திருப்பி அனுப்பும் பவுல், இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பிலேமோனுக்கு எழுதுகிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கச் சொல்கிறார். கடிதம் ஒரே ஒரு அதிகாரம். பிலேமோன் என்ன செய்தார் என்பது அதில் இல்லை.