பாத எலும்பு முறிந்தால்... கட்டா? கத்தியா?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. லாரி முனையமும் இருக்கிறது. சுமை ஏற்றி இறக்கும் இடங்களில் பாதத்துக்குத்தான் ஆபத்து அதிகம். கை தவறிய இரும்பு காலில் விழும். லாரியின் மேலிருந்து குதித்தவருக்குக் குதிகால் உடையும்.

உடனே வீட்டில் இரண்டு கட்சி! "ஆபரேஷன் செய்தால்தான் கால் பிழைக்கும்" என்பார் ஒருவர். "கத்தியே வேண்டாம். புத்தூரில் கட்டுப் போடு" என்பார் மற்றவர்.

இரண்டும் சரியல்ல. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. முறிந்தது எது? அது இடம் விட்டு விலகியதா? இதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கால் மடங்கி, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அடியில் முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். சில வாரத்தில் கூடிவிடும்.

குதிகால்

குதிகால் நொறுங்கினால் தகடு வைப்பதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் 22 ஆஸ்பத்திரிகளில் 151 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன். மற்றவர்களுக்கு இல்லை. முடிவு 2014-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து வலியிலும் நடையிலும் வித்தியாசம் தெரியவில்லை! ஆனால் ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் புண்ணில் சீழ் போன்ற தொல்லைகள் அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஆபரேஷன் அவசரம்.

ஏமாற்றும் சுளுக்கு

நடுப்பாதத்தில் கதையே வேறு. அங்குள்ள மூட்டு வரிசைக்கு லிஸ்பிராங்க் என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர். பாதத்தை அந்த இடத்தில் வெட்டி எடுக்கும் முறையை 1815-ல் சொன்னவர் அவர். இன்று வெட்ட வேண்டியதில்லை. திருகு போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் நோய் தெரிய வேண்டுமே! வெறும் வீக்கம்தான் இருக்கும். சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். விலகிய எலும்பு அப்படியே நின்றால், மூட்டு தேய்ந்து ஆயுள் முழுவதும் நொண்ட நேரிடலாம்.

உள்ளங்காலில் ரத்தம் கட்டிய கறுப்பு தெரிகிறதா? காலை ஊன்ற முடியவில்லையா? சந்தேகப்படுங்கள். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரியாத விலகல், நின்று எடுத்தால் தெரியக்கூடும். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு, பக்கத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி உண்டு.

"ஆபரேஷன் செய்தால் மறுநாளே நடக்கலாம்" என்று நம்பாதீர்கள். குதிகாலிலோ நடுப்பாதத்திலோ திருகு போட்டாலும், பல வாரம் காலை ஊன்றக் கூடாது. கூலி போவது கஷ்டம்தான். ஆனால் அவசரப்பட்டு ஊன்றினால் திருகே முறியலாம்.

மாவுக்கட்டோ, பச்சிலைக் கட்டோ, போட்ட பிறகு விரல்களைப் பாருங்கள். அவை மரத்துப் போனால், நிறம் மாறினால், வலி ஏறிக்கொண்டே போனால் கட்டு இறுக்கமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைத் தளர்த்துங்கள்.