பலர் திருத்தும் நிலப்படத்திற்கு ஏற்ற தரவுத்தளம் எது?

வளர்ச்சிப் பணி எதுவாயினும் அதற்கு அடிப்படையாக அமைவது நிலப்படமேயாகும். எந்த ஏரி தூர்ந்துள்ளது, எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எட்டவில்லை, எந்தச் சாலை எந்த ஊராட்சியின் எல்லையில் முடிகிறது என்பனவற்றை அறியாமல் திட்டம் தீட்டுவது, நிலத்தை அளக்காமல் விதையை அளப்பது போன்றதாகும். இன்று அப்படங்கள் கணினியில் ஏறிவிட்டன. ஒன்றியப் பொறியாளர், பணி மேற்பார்வையாளர், ஊராட்சிச் செயலர் எனப் பலரும் ஒரே நாளில் அவற்றைத் திருத்துகின்றனர். பலர் கைபடும் படத்தை எதில் சேமித்து வைப்பது என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறியதாயினும், விளைவில் பெரியதாகும்.

எங்கள் வட்டாரத்தில் நேர்ந்ததொன்றை இங்குக் கூறுவது பொருத்தமாகும். நீர்நிலைகளின் படத்தை ஒரே கோப்பாக அலுவலகக் கணினியில் வைத்திருந்தோம். காலையில் ஓர் ஊழியர் அதன் நகலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கிராமத்திற்குச் சென்றார். பகலில் மற்றோர் ஊழியர் அலுவலகத்திலிருந்தபடியே சில ஊரணிகளைப் புதிதாக வரைந்து சேர்த்தார். மாலையில் திரும்பியவர் தம் நகலை அதே பெயரில் பழைய கோப்பின் மேல் பதிந்தார். பகலில் வரைந்தவை யாவும் மறைந்தன. அதனை அன்று யாரும் உணரவில்லை. தூர்வாரும் பணிக்குப் படத்திலிருந்து பட்டியல் எடுத்தபோது ஓர் ஊரணி விடுபட்டது. அவ்வூர்ப் பெண்கள் அலுவலகம் வந்து கேட்டபோதுதான் பிழை வெளிப்பட்டது. அதற்குள் கோடை கடந்துவிட்டது, மழை வந்தது, ஊரணி தூர்வாரப்படாமலே கிடந்தது.

ஊழியர் இருவரும் கருத்துடன் உழைத்தவர்களே. குறை சேமிப்பு முறையில் இருந்தது. அதனைத் தேர்ந்தவர்கள் நாங்களே.

கோப்பு முறைகள்

நாங்கள் அப்போது கையாண்டது ஷேப்ஃபைல் என்னும் முறை. எஸ்ரி நிறுவனம் அமைத்த இம்முறை 1990களிலிருந்து உலகெங்கும் வழங்கி வருகிறது. ஒரு படம் என்று நாம் கருதுவது இதில் குறைந்தது மூன்று கோப்புகளாகும். ஒன்று தவறினாலும் படம் பழுதுறும். பத்தியின் பெயர் 10 எழுத்துக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு கோப்பும் 2 கிகாபைட் அளவுக்குள் அடங்க வேண்டும். பலர் ஒரே வேளையில் எழுதுவதற்கென அமைந்ததன்று இது.

இதனினும் மேலானது ஜியோபேக்கேஜ். இது 2014 ஆம் ஆண்டில் திறந்த புவியியல் கூட்டமைப்பின் தர விதியாக வெளிவந்தது. எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தின் மீது அமைந்தது. பல படங்களையும் ஒரே கோப்பில் கொள்ளும். ஆயினும் ஒரு நேரத்தில் ஒருவரே இதில் எழுத இயலும். பலர் பகிரும் வலையமைப்புக் கோப்புறையில் இதனை வைத்துத் திருத்துவது பாதுகாப்பானதன்று; கோப்பே கெட்டுவிடக்கூடும். ஒருவர் மட்டுமே திருத்தும் ஊராட்சிக்கு இது போதுமானது. அங்கே பெரிய தரவுத்தளம் நிறுவுவது, கைக்கிணற்றுக்கு இயந்திர இறைப்பு வைப்பதை ஒக்கும்.

பலர் எழுதுவதற்கான தரவுத்தளம்

மூவர் நால்வர் ஒரே நாளில் எழுதும் நிலை வந்தவுடன் வழங்கி முறைத் தரவுத்தளம் அவசியமாகின்றது. இதில் கோப்பை யாரும் நேரே தொடுவதில்லை. ஒவ்வொருவரும் தம் திருத்தத்தை வழங்கிக் கணினியிடம் ஒப்படைக்க, அது வரிசைப்படுத்தி எழுதிக்கொள்கிறது. ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் ஆகியவையும் புவியியல் உருக்களைக் கொள்ளும். நாங்கள் தேர்ந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986 இல் தொடங்கிய ஆராய்ச்சியில் தோன்றியது அது. அதனுடன் சேரும் போஸ்ட்ஜிஐஎஸ் 2001 இல் முதலில் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. படம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இவற்றுடன் நேரடியாக இணைந்து இயங்கும்.

இதனால் விளையும் நன்மைகள் நான்கு.

முதலாவது, ஒரு திருத்தம் முழுமையாக ஏறும், அன்றேல் அறவே ஏறாது. பாதியில் மின்சாரம் நின்றாலும் அரைகுறைப் படம் எஞ்சுவதில்லை.

இரண்டாவது, ஒருவர் எழுதும்போது மற்றவர் படிக்கத் தடையில்லை. படிப்பவருக்கு இறுதியாக உறுதி செய்யப்பட்ட நிலையே தென்படும்.

மூன்றாவது, யார் எதனைத் திருத்தலாம் என விதிக்கலாம். வருவாய்த் துறையின் புல எல்லைகளை எல்லோரும் பார்க்கலாம். எவரும் மாற்ற இயலாதபடி செய்யலாம். 2016 இல் வந்த 9.5 ஆம் பதிப்பு முதல், ஊராட்சிச் செயலர் தம் ஊராட்சிக்குரிய பதிவுகளை மட்டும் திருத்துமாறு வரையறுக்கவும் வழியுண்டு.

நான்காவது, அளவு முறை ஒன்றாகவே இருக்கும். 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்கின்றது. அதற்கு மேற்கேயுள்ள கோவை 43 ஆம் அளவு மண்டலத்திலும், கிழக்கேயுள்ள சென்னை 44 ஆம் மண்டலத்திலும் அடங்கும். இருவர் இரு மண்டலங்களில் வரைந்தால் குளம் ஓரிடத்திலும் கரை வேறிடத்திலும் நிற்கும். மண்டலத்தை முதலிலேயே குறித்துவிட்டால், வேறு மண்டலக் குறியுடன் வரும் உருவைத் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிடும்.

தரவுத்தளம் தீர்க்காதவை

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். இருவர் ஒரே குளத்தின் கரையைத் திருத்துவதாகக் கொள்வோம். கியூஜிஐஎஸ்ஸில் செய்யும் திருத்தம், வழக்கமான அமைப்பில், சேமிக்கும் வரை அவரவர் கணினியிலேயே தங்கும். பின்னர்ச் சேமித்தவர் வரைந்த கரையே நிலைக்கும். முன்னவருக்கு அது தெரியவும் வராது. எந்தக் கரை உண்மையான கரை என்பதைத் தரவுத்தளம் அறியாது. களத்தில் நின்றவரே அறிவர்.

ஆதலின் மூன்று ஒழுங்குகளை மேற்கொண்டோம். ஊராட்சி வாரியாகத் திருத்தும் பொறுப்பைப் பிரித்தோம். களத்திற்குச் செல்வோர் தம் ஊராட்சியின் பகுதியை மட்டும் ஜியோபேக்கேஜாக எடுத்துச் செல்கின்றனர். அது திரும்பும் வரை அப்பகுதியை வேறெவரும் தொடுவதில்லை. மூன்றாவதாக, மாற்றப்படும் ஒவ்வோர் உருவின் பழைய வடிவமும், மாற்றியவர் பெயரும், நேரமும் தனி அட்டவணையில் தாமாகவே பதியுமாறு செய்தோம். இது நமக்குப் புதியதன்று. அளவுப் புத்தகத்தில் பிழை நேர்ந்தால் அழிப்பதில்லை. கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பமிடுகிறோம். அதே நேர்மை இங்கும் வேண்டும்.

வழங்கிக்குப் பராமரிப்பும் உண்டு. நாள்தோறும் காப்பு நகல் எடுத்து, அதனை வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். அந்நகலிலிருந்து படத்தை மீட்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும். மீட்டுப் பாராத நகலை நம்புவது, திறந்து பாராத மதகை நம்புவதாகும். இதற்கெனப் பயின்ற ஊழியர் ஒருவரும், அவர் இல்லாதபோது பார்க்க மற்றொருவரும் தேவை. அவர்களைத் தயார் செய்ய இயலாத வட்டாரம், ஒருவரே எழுதும் கோப்பு முறையுடன் நிற்பதே நன்று.

சுருங்கக் கூறின், தரவுத்தளத்தின் புகழைக் கேட்டுத் தேர்தல் வேண்டா. ஒரே நேரத்தில் எழுதுவோர் எத்தனை பேர், தவறு நேர்ந்தால் பழைய நிலைக்கு மீள வழியுண்டா, பேணுவதற்கு ஆளுண்டா என்னும் மூன்றையும் முதலில் கேட்டல் வேண்டும். இவற்றிற்கு விடை கண்டபின் தேர்வு தானே அமையும்.

விடுபட்ட அவ்வூரணி மறு ஆண்டு பட்டியலில் சேர்க்கப்பட்டுத் தூர்வாரப்பட்டது. ஆயினும் ஒரு கோடையின் தண்ணீரை அவ்வூர் இழந்தது இழந்ததே. படத்திலுள்ள ஒவ்வொரு கோட்டின் பின்னும் ஓர் ஊர் நிற்கிறது என்பதை மனத்திற்கொண்டு, இப்பணியில் ஈடுபட்டுள்ள நாம் அனைவரும் செயலாற்றுவோமாக.